ஒரு படி தவிட்டுக்கு ஒரு மகன்

தவிடு தலையில் கொட்டினால் ஞானம் பிறக்கும் என்று எந்தப் பெரியவரும் சொல்லிவைக்கவில்லை. எனக்கு அப்படித்தான் பிறந்தது.

கழுகுமலை ரோட்டு ரைஸ்மில்லில், தவிடு விழும் குழாய்க்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தேன். (வேறு யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். நான் பி.ஏ. படித்தவன்.) மில்க்காரர் பெல்ட்டை மாட்டினார். தலை, காது, சட்டைப்பை எல்லாம் தவிடு. நான் தும்மிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சாக்குப் பிடித்திருந்த ஒரு அம்மாள் இன்னொருத்தியிடம் சொன்னாள்:

"எங்க மூத்தவன ஒரு படி தவிட்டுக்குத்தான் வித்தோம். எங்க நாத்தினா வாங்குனா. அன்னையோட அவனுக்குச் சீக்கு போச்சுல்லா. இன்னைக்குப் பாரு, போலீஸ்ல இருக்கான்."

வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம். எங்கள் பக்கத்தில் பிள்ளை ஓயாமல் நோயில் விழுந்தால், 'பெத்தவளுக்கு ராசியில்லை' என்று சொல்லி, ஒரு படி தவிட்டுக்கு வேறொருவருக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை அதே வீட்டில்தான் வளரும். ஆனால் பேச்சுக்கு, வாங்கினவர் பிள்ளை. எமன் பழைய விலாசத்தில் வந்து தேடி, ஆள் இல்லை என்று திரும்பிவிடுவான். அவ்வளவுதான் ஏற்பாடு.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. (தவிட்டினாலும் இருக்கலாம்.) ஒரு படி தவிடு! இரண்டு நிமிடம்! கோர்ட் இல்லை, வாய்தா இல்லை, வக்கீல் இல்லை! எமனே ஒப்புக்கொள்ளும் இந்தத் தத்தெடுப்பை இந்திய சர்க்கார் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை?

அப்படியே ஓடினேன். வீட்டு அரிசி மில்லிலேயே கிடந்தது. மறுநாள் அம்மா போய் எடுத்துவந்தாள். அப்போது அவள் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது.

நான் ஓடிப் போய் நின்ற இடம் ஜெபமணி அக்காவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அக்கா எனக்கு டைப் சொல்லித் தந்தவர். அவருடைய கணவர் தேவசகாயம் சார் ஜாம்பியாவில் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லாமல், சார் லீவில் வந்திருந்தபோது இரண்டு பேருமாகப் போய் ஒரு கைக்குழந்தையை எடுத்துவந்தார்கள். அதுதான் எஸ்தர். நான் சொல்லும் காலத்தில், அதாவது 1981-இல், அவளுக்கு மூன்று வயது. வாய்க்கு மட்டும் முப்பது.

வில்லங்கம் என்னவென்றால், நம் சட்டத்தில் இந்துக்கள் தத்தெடுக்கலாம். கிறிஸ்தவர்களுக்கு அதற்குச் சட்டமே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்றின்படி 'காப்பாளர்' ஆகலாம், அவ்வளவுதான். ஸ்டாண்டில் விட்ட சைக்கிளுக்கு இருப்பதுபோல ஒரு காப்பாளர். பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் ஜில்லா கோர்ட் தனியாக அனுமதி தர வேண்டும். அது கிடைத்தாலும், விசா கொடுக்கிற இடத்தில், "இந்தப் பிள்ளைக்கு நீங்கள் தாயா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்றால், "தாளில் அப்படி இல்லையே" என்பார்கள்.

சார் அங்கிருந்து திட்டமாகச் சொல்லியனுப்பிவிட்டார். இந்த வருடம் முடிவதற்குள் நீங்கள் இரண்டு பேரும் வராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று. ஊரில் எல்லோரும் அக்காவுக்கு ஒரே யோசனையைச் சொன்னார்கள். பிள்ளையை நல்ல ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போ, பிறகு பார்த்துக்கொள்ளலாம். நானும் ஒருநாள் அதையே சொன்னேன். டைப் அடித்துக்கொண்டிருந்த அக்கா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ மெட்ராஸ் போகணும்னா கண்ண ரெண்டையும் கழட்டி வீட்டுல வச்சிட்டுப் போவியாலே?"

அன்றோடு நான் அவர் கட்சி.

அக்கா நெல்லையிலிருந்து டெல்லி வரை ஒரு ஆபீஸ் விடாமல் மனு அனுப்பியிருந்தார். பிள்ளையை எடுத்து வளர்ப்பவர் எந்த மதமானாலும் எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் ஒரே எளிய சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில் வரும்: தங்கள் மனு பெறப்பட்டது.

"பெறப்பட்டுச்சாம்லே," என்பார் அக்கா. "நான் பிள்ளையத்தான் பெறல. மனுவையாச்சும் அவிய பெத்துக்கிட்டாவளே, சந்தோஷம்."

நான் உடனே இதை ஒரு இயக்கமாக மாற்றினேன். 'அகில உலக வளர்ப்புப் பெற்றோர் உரிமைச் சங்கம், சங்கரன்கோவில்.' தலைவர் ஜெபமணி அக்கா, செயலாளர் நான். உறுப்பினர், கடையநல்லூரில் ஒரு பாய். அவர் துபாயில் வேலை பார்ப்பவர். தங்கை மகனை எடுத்து வளர்த்தவர். அவருக்கும் இதே தலைவலி. அவர் எப்போதும் துபாயில் இருந்ததால் கூட்டத்துக்கு வரமாட்டார். ஆகவே அகில உலகம் என்று போட்டதில் தப்பில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தலையில் தவிடு விழுந்தது. அதே வாரம் எங்கள் எம்.பி. புதுத் தண்ணீர்த் தொட்டி திறக்க வருவதாகச் செய்தியும் விழுந்தது.

"அக்கா, மனுவெல்லாம் வேண்டாம்! எம்.பி. கண் முன்னாடி செஞ்சு காட்டுதோம்! மேடையில ஒரு பிள்ளை, ஒரு படி தவிடு. ரெண்டே நிமிஷம். 'அய்யா, எங்க ஊர் வழக்கத்துல இவ்வளவுதான். இதையே சட்டமாக்குங்க'ன்னு சொல்லுதேன். அவர் அப்படியே அசந்துபோயி நேரா பார்லிமெண்டுக்குப் போறார்!"

"உன் தலையில என்னலே?"

"தவிடுக்கா."

"உள்ளயும் போயிருக்கும்போல." அக்கா எஸ்தரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ என்னமும் செய்யி. ஆனா எம்பிள்ளைய ஒத்திகைக்குக்கூட ஒருத்தர் கையில கொடுக்க மாட்டேன், ஆமா."

அப்படியானால் பிள்ளைக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் தறி ஓட்டும் மாரியப்பன் வீட்டில் ஒன்று இருந்தது. பெயர் சங்கரலிங்கம், வயது இரண்டு. மாதத்தில் பாதி நாள் காய்ச்சல், மீதி நாள் இருமல். இருமாத நேரத்தில் எதையாவது விழுங்குவான். அவன் அம்மா சண்முகத்தாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் ஒரு நொடியில் சம்மதித்தாள். கையெடுத்தும் கும்பிட்டாள்.

"தம்பி, நீங்க படிச்சவிய. ஒரு சீக்கு கிடையாது, சுத்தமான கை. இத நானே ஒங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

அவள் ஏன் கண் கலங்கினாள் என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். இயக்கத்தின் மேல் இவ்வளவு பற்றா என்று நான் வியந்தேன்.

விழா நாள் வந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் பந்தல். அந்த இடம் அதுவரை மாடு மேயும் பொட்டல். எம்.பி. வந்தார், குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது, கைதட்டினார்கள். அடுத்து எங்களுக்கு ஐந்து நிமிடம். அதை வாங்குவதற்கு நான் எத்தனை பேர் வீட்டு வாசலில் நின்றேன் என்பது தனிக் கதை.

மைக்கைப் பிடித்தேன். "பெரியோர்களே! தாய்மார்களே! பெற்றால்தான் பிள்ளையா?" என்று ஆரம்பித்தேன். தொண்டை பிசிறியது. பார்வைக்கு இளைத்த கோழிபோல் இருந்தாலும் குரலில் சிங்கம் என்று அப்போது எனக்கொரு நினைப்பு. "ஒரு தாய் தன் பிள்ளையோடு விமானம் ஏற, சட்டம் வருடக்கணக்கில் காக்கவைக்கிறது. எங்கள் ஊர் வழக்கமோ இரண்டு நிமிடத்தில் முடிக்கிறது. இதோ!"

சண்முகத்தாய் மேடையேறினாள். கூடவே அவள் மாமியார், இரண்டு நாத்தனார், தேங்காய், வெற்றிலை, மஞ்சள் துணி, பன்னீர்ச் செம்பு. ஒத்திகையில் இதெல்லாம் இல்லை. இருந்தாலும் காட்சி நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். பிள்ளைக்குப் புதுச் சட்டை, கன்னத்தில் பொட்டு. அவளும் பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

நான் படி நிறையத் தவிட்டை எடுத்து நீட்டினேன். சண்முகத்தாய் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இனி இவன் ஒங்க பிள்ளை. ஒங்க ஆயுசு அவனுக்கு" என்று பிள்ளையை என் இடுப்பில் ஏற்றினாள். நாத்தனார்கள் குலவையிட்டார்கள். கூட்டத்தில் இருந்த பெண்களும் சேர்ந்து குலவையிட்டார்கள். எனக்குப் புல்லரித்தது.

"பார்த்தீர்களா அய்யா! முடிந்தது!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு மாடு தலையை நீட்டி, சண்முகத்தாய் கைக்குப் போய்ச் சேராத தவிட்டில் பாதியை ஒரே வாயில் வாரிக்கொண்டது. மீதி எம்.பி.யின் வேட்டியில். குலவைச் சத்தத்துக்குப் பயந்த சங்கரலிங்கம் என் இடுப்பிலேயே மூத்திரம் பெய்தான். தண்ணீர்த் தொட்டியை விட நன்றாக வந்தது.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, பிள்ளையை அவன் அம்மாவிடம் நீட்டினேன். சண்முகத்தாய் தீயைக் கண்டதுபோல் பின்னால் நகர்ந்தாள்.

"அய்யய்யோ தம்பி, நான் தொடக்கூடாதுல்லா! மூணு வேளை ஒங்க வீட்டுச் சோறு தின்னாத்தான் தோஷம் கழியும்."

"ஏக்கா, இது சும்மா செஞ்சு காட்டுனது! நாடகம்!"

"நாடகத்துக்கா தம்பி நான் குலசாமிக்குக் காசு முடிஞ்சுவச்சேன்? ஜோசியர் போன வருசமே சொல்லிட்டாரு. ஆள் அமையாமத்தானே காத்துக்கெடந்தேன்!"

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டே இல்லை. அந்தப் பிள்ளை பிழைத்துக்கிடக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. நீட்டிய கையை நான் மடக்கிக்கொண்டேன். சங்கரலிங்கம் என் காதைப் பிடித்துத் திருக ஆரம்பித்தான்.

அதற்குள் கூட்டம் சட்டம் பேசத் தொடங்கிவிட்டது. முதலில் எழுந்தவர் வக்கீல் குமாஸ்தா சுப்பையா அண்ணாச்சி.

"இது செல்லாதுவே! முழுப் படி போய்ச் சேரல. பாதிய மாடு தின்னுட்டு. பாதிக் கிரயத்துக்குப் பாதிப் பிள்ளைதான் கைமாறியிருக்கு."

"எந்தப் பாதிவே?" என்றது ஒரு குரல்.

"கல்யாணமாவாத பய பிள்ளை வாங்கலாமா? பொம்பளதான வாங்கணும்?"

"வாங்குனவன் மேக்க பாத்துல்லா நின்னான்! அவ கிழக்க பாத்தா, இவன் மேக்க பாத்தான். செல்லாது!"

"அதெல்லாம் கெடக்கட்டும், அது கோவில் மாடு. தவிட்டத் தின்ன வகையில பிள்ளையில பாதி சாமிக்குத்தான் சொந்தம்!"

"அது கோவில் மாடில்ல, எங்க மாடு!" என்று ஒருவர் பாய்ந்து வந்தார். "அப்போ பாதிப் பிள்ளை ஒமக்கா?" என்றதும் வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்.

எளிமைக்கு உதாரணம் காட்ட வந்தவன் நான். என் கண் முன்னால் அந்த ஒரு படி தவிட்டுக்கு உட்பிரிவு, துணைவிதி, விதிவிலக்கு எல்லாம் முளைத்துக்கொண்டிருந்தன. எம்.பி. வேட்டியைத் தட்டியபடியே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, டெல்லியில நாங்க நூறு பேரு உக்காந்து யோசிச்சாக்கூட இத்தனை தடை கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சட்டமே தேவலை போலிருக்கேப்பா."

என் இயக்கம் அந்த வாக்கியத்தில் முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். எம்.பி. செருப்பைத் தேடினார். ஜெபமணி அக்கா மேடைக்கு வந்தது அப்போதுதான். என்னை ஒரு பார்வை பார்த்து (அந்தப் பார்வையைப் பற்றி எனக்கு இன்றும் கனவு வருகிறது) மைக்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நேராக எம்.பி.யிடம் பேசினார்.

"அய்யா, இந்தப் பய சொன்னத விடுங்க. எனக்குத் தவிடும் வேண்டாம், சலுகையும் வேண்டாம். விசாரிக்கட்டும், நல்லா விசாரிக்கட்டும். பிள்ளை யார் கைக்குப் போகுதுன்னு பாக்காண்டாமா? பாக்கத்தான் வேணும். ஆனா விசாரிச்சு முடிச்ச பொறவு, நான் இவளுக்கு அம்மான்னு ஒரு வரி எழுதித் தரணும். எந்த நாட்டுல காட்டுனாலும் செல்லுத மாதிரி ஒரு வரி. அதுக்குத்தான் சட்டம் கேக்கேன்."

எம்.பி. செருப்பைத் தேடுவதை நிறுத்தினார். குனிந்து எஸ்தரிடம், "பாப்பா, உங்க அம்மா யாரு?" என்று கேட்டார்.

எஸ்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தா நிக்காங்கல்லா. ஒங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

கூட்டமே சிரித்தது. எம்.பி.தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை நான் சபையில சொல்றேம்மா" என்றார். சொன்னாரா என்று தெரியாது. நாங்கள் மாதக்கணக்கில் பேப்பரைத் துழாவினோம்.

அன்று சாயங்காலம் நான் ஈரச் சட்டையோடும் இடுப்பில் சங்கரலிங்கத்தோடும் வீடு போய்ச் சேர்ந்தேன். அம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏலே நாயகம், ரைஸ்மில்லுக்கு அனுப்புனா அரிசி இல்லாம வருத. மீட்டிங்குக்கு அனுப்புனா பிள்ளையோட வருத. ஒன்ன எங்கதாம்லே அனுப்ப?"

பிள்ளை சாப்பிட மறுத்தான். சண்முகத்தாய் தெருவில் நின்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உத்தரவு போட்டாள். தொடத்தான் கூடாதாம், சொல்லலாமாம். "தம்பி, காரமில்லாம ரசஞ்சோறு! தம்பி, தலைய நிமித்திப் பிடிங்க! ஏலே லிங்கம், அப்பா சொன்னா கேக்கணும்! அப்பான்னு கூப்பிடு!" அவன் கூப்பிட்டான். தூங்க மட்டும் மாட்டேன் என்றான். தாலாட்டு ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்தது என் சொற்பொழிவுதான். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தேன். தாய்மார்கள் முடிவதற்குள் குறட்டை விட்டான். பக்கத்து அறையில் அப்பாவும்.

எல்லாம் இத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் காலையில் புளியங்குடியிலிருந்து ஒரு எலுமிச்சை வியாபாரி என்னை மாப்பிள்ளை பார்க்க வருவதாக ஏற்பாடு. இயக்கப் பரபரப்பில் நான் மறந்துபோனேன். அம்மா ஞாபகப்படுத்த மறந்தாளா, என்னை நம்பிவிட்டாளா, தெரியவில்லை. அவர் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து உட்கார்ந்தார். சங்கரலிங்கம் தத்தித் தத்தி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, ஆய்" என்றான்.

அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இது..."

"நேத்து வாங்குனது," என்றேன். உண்மையைச் சொன்னால் ஊர் மெச்சும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். "ஒரு படி தவிட்டுக்கு. பாதிய மாடு தின்னுட்டு."

அவர் எழுந்தார். கும்பிட்டார். கொண்டுவந்த பழப் பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். புளியங்குடிப் பக்கமிருந்து அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு ஊறுகாய்கூட வந்ததில்லை.

மூன்றாவது வேளைச் சோறு முடிந்ததும் சண்முகத்தாய் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "ஒங்க பிள்ளைய நான் வளத்துத் தாரேன் தம்பி" என்று முறைப்படி சொல்லித்தான் வாங்கினாள். அதன் பிறகு அவன் இருமவே இல்லை. தவிடுதான் காரணம் என்கிறாள் அவள். என் அம்மா வைத்த ரசம் என்கிறாள் என் அம்மா.

எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா நான்கு முறை வந்துபோய்விட்டது. ஜெபமணி அக்காவுக்கு அந்த வருடக் கடைசியில் கோர்ட் அனுமதி கிடைத்தது. என் மேடைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. (இருக்கிறது என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன்.) எஸ்தர் அம்மாவோடுதான் விமானம் ஏறினாள். ஏறும் முன் என்னிடம், "மாமா, மாடு பத்திரம்" என்றாள். ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறை விசா புதுப்பிக்கும்போதும் அக்கா தாளில் இன்னும் காப்பாளர்தான். அம்மா என்று அழுத்திக் கேட்டு அலைந்தவருக்கு அந்த ஒரு வரி இன்றும் கிடைக்கவில்லை. கேட்காமல் இடுப்பில் வாங்கிய நான், கல்யாணமே ஆகாமல் அப்பா. சங்கரலிங்கம் தீபாவளிக்குத் தீபாவளி வந்து உரிமையோடு சட்டைத் துணி கேட்கிறான். அவன் காது குத்துக்கு மடியில் யார் வைத்துக்கொள்வது என்று அவன் தாய்மாமனுக்கும் எனக்கும் கைகலப்பே வந்தது. வீட்டில் யாருக்காவது தூக்கம் வராவிட்டால், "நாயகத்தக் கூப்பிட்டுப் பேசச் சொல்லு" என்கிறார்கள்.

வருகிற மே மாதம் அக்கா லீவில் வருகிறார். இந்த முறை தனியாக இல்லை. தன்னைப்போலப் பிள்ளை எடுத்து வளர்க்கும் அங்குள்ள நம் ஆட்கள் பலரையும் திரட்டியிருக்கிறார். எல்லோருமாக டெல்லிக்கே போய் எம்.பி.மார்களைப் பார்க்கிறார்கள். என்னையும் வரச்சொல்லி எழுதியிருக்கிறார். இரண்டே நிபந்தனைகள்: மைக்கைத் தொடக்கூடாது, தவிட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

நானும் வருவேன் என்று சங்கரலிங்கம் ஒற்றைக்காலில் நிற்கிறான். சண்முகத்தாயிடம் கேட்டேன். "ஒங்க பிள்ளைய நீங்க கூட்டிட்டுப் போறதுக்கு எங்கிட்ட என்ன தம்பி கேக்குதீய?" என்றாள். எந்தக் கோர்ட்டும் இவ்வளவு விரைவாக உத்தரவு போட்டிருக்காது.

போகிறோம். அக்காவின் நிபந்தனைகளை அப்படியே ஏற்று எழுதிவிட்டேன். இங்கிருந்து தவிடு ஒரு சிட்டிகைகூட எடுத்துப்போவதாக இல்லை. வெறும் படியை மட்டும் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். தவிடு டெல்லியிலேயே தாராளமாகக் கிடைக்குமாம். விசாரித்துவிட்டேன்.